நெஞ்சில் ஒரு சின்ன ஆபரேஷன்

ஆபரேஷனுக்குப் பிறகு நான் செய்த முதல் உடற்பயிற்சி எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. காலையில் தெருவில் காற்றாட நடந்து வாருங்கள் என்றுதான் சேலத்து டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் மாடியிலேயே நடந்தேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும், அங்கிருந்து திரும்பத் தொட்டிக்கு. சட்டைக்குள் நான் போட்டிருப்பது யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

அது ஒரு பனியன். இறுக்கமான கெட்டித் துணி, கை கிடையாது, முன்பக்கம் மேலிருந்து கீழே வரிசையாகக் கொக்கிகள். தையல் ஆறும்வரை உள்ளே ரத்தமோ நீரோ சேராமல் அமுக்கிப் பிடிக்க ஆஸ்பத்திரியில் கொடுத்தது. இரவு பகல் கழற்றக் கூடாது. குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். நர்ஸ் அதைப் பிரித்துக் காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபது வருடமாக எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ, அதையே கடைசியில் கொக்கி போட்டு மாட்டிவிட்டார்கள் என்று தோன்றியது.

எனக்குப் பதின்மூன்று வயதில் மார்பு வளர ஆரம்பித்தது. ஆண்பிள்ளைகளில் சில பேருக்கு அந்த வயதில் அப்படி இருக்கும், பிறகு தானாக வற்றிவிடும் என்பார்கள். எனக்கு வற்றவில்லை. நாமக்கல் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தேன். காலையில் எல்லோரும் நீளமான சிமெண்ட் தொட்டியைச் சுற்றி நின்று, இடுப்பில் துண்டோடு, மக்கில் மொண்டு ஊற்றிக் குளிக்க வேண்டும். நான் மட்டும் பனியனோடு குளித்தேன். ஈரப் பனியன் இன்னும் தெளிவாகக் காட்டிக் கொடுக்கும் என்பது எனக்குப் புரிவதற்குள் பையன்களுக்குப் புரிந்துவிட்டது.

"இவனுக்கு ஒரு பாடி வாங்கிக் குடுங்கடா" என்று ஒருவன் கத்தினான். தொட்டியைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் ரவிக்கைக்குள் போடும் அந்தப் 'பாடி'தான் அதன் பிறகு விடுதியில் என் பெயர்.

படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்தது லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில். எங்கள் ஊரில் அந்தத் தொழிலுக்குக் குறைவில்லை. 'பாடி ரெடியாச்சுங்களா', 'பாடி எப்பக் கட்டி முடிப்பீங்க' என்று நாள் முழுக்க அந்தச் சொல் காதில் விழும். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் என் தோள்கள் தாமாகவே முன்பக்கம் குறுகும். கேட்கிறவர்கள் லாரியைத்தான் கேட்கிறார்கள் என்று மனதுக்குத் தெரியும், தோளுக்குத் தெரியாது. வெயில் காலத்தில் பட்டறையில் வெல்டர், பெயிண்டர் எல்லோரும் மேல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை பார்ப்பார்கள். நான் உள்ளே ஒரு பனியன், மேலே கட்டம் போட்ட முரட்டுச் சட்டை என்று நின்றுகொண்டிருப்பேன். "உங்களுக்கு வேர்க்கவே வேர்க்காதுங்களா?" என்று கேட்பார்கள். முதுகெல்லாம் உப்புப் பூத்திருக்கும்.

ஓடினால் குறையும் என்று படித்தேன், ஓடினேன். தண்டால் எடுத்தேன். சோற்றைக் குறைத்தேன். வயிறு ஒட்டியது, கன்னம் ஒட்டியது, "என்ன சாமி இப்படி எலும்பாப் போயிட்டே" என்று அம்மா கண்ணீர் விட்டாள். மார்பு இருந்த இடத்திலேயே இருந்தது. ஒல்லியான உடம்பில் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. உடற்பயிற்சி என்பது என் மீது நானே போட்டுக்கொண்ட தண்டனை மாதிரி ஆகிவிட்டது.

அதில் ஒன்று மட்டும் விதிவிலக்கு. ஷட்டில். சேலம் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு கோர்ட் உண்டு. காலையில் வேலைக்குப் போவதற்கு முன் ஒரு கூட்டம் அங்கே ஆடும். என் ஜோடி, டயர் ரீட்ரேடிங் கடை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். சொந்தம் எதுவும் இல்லை, ஆனாலும் அவர் என்னை மாப்ளே என்பார், நான் அவரை மாமா என்பேன். அவர் வலைக்குப் பக்கத்தில் நின்று தொட்டுத் தொட்டு வைப்பார், நான் பின்னால் நின்று எகிறி அடிப்பேன். ஆட்டம் நடக்கும்போது எனக்கு உடம்பு இருப்பதே மறந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் ஞாபகம் வந்துவிடும். மற்றவர்கள் டி-ஷர்ட்டைக் கழற்றி, முறுக்கி, வேர்வையைப் பிழிந்து, வெற்று உடம்போடு ஃபேன் அடியில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். நான் ஈரத்தோடு பைக்கில் ஏறிவிடுவேன்.

ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தவள் என் மனைவி. பரமத்தி வேலூரில் அவள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. விருந்து முடிந்து ஆண்கள் எல்லோரும் காவிரியில் இறங்கிக் குளித்தார்கள். எல்லோருடைய துணிக்கும் செல்போனுக்கும் நான் கரையில் காவல் நின்றேன். யாரோ தண்ணீரிலிருந்து கூப்பிட்டார்கள், சளி என்று சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"எனக்கு அது ஒண்ணுமே இல்லீங்க. உங்களுக்குத்தான் அது நெம்பப் பெருசா இருக்குது. அவ்வளவு பெருசா இருந்தா போயி எடுத்துருங்க."

கல்யாணமாகி ஆறு வருடத்தில் எங்களுக்குள் அதைப் பற்றி நடந்த முதல் பேச்சு அது. விளக்கை அணைக்காமல் நான் சட்டையைக் கழற்றியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் கூடக் கேட்டதில்லை. அந்தப் பஸ்ஸில் நாமக்கல் வரும்வரை நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சேலத்தில் டாக்டர் தொட்டுப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார். ஹார்மோனில் கோளாறு எதுவும் இல்லை. "இது வெறும் கொழுப்பு இல்லைங்க. உள்ளே சுரப்பி வளர்ந்திருக்கு. நீங்க எவ்வளவு ஓடினாலும் இது போகாது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஓடிய ஓட்டமெல்லாம் அந்த அறையில் அர்த்தமில்லாமல் போயிற்று.

அம்மாவிடம் சொன்னபோது அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, நோவா நொடியா? நல்லா இருக்கற ஒடம்புல யாராச்சும் கத்தி வெப்பாங்களா? ஆம்பளைக்கு எதுக்கு சாமி இதெல்லாம்?"

வலி இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். வலி இல்லாத ஒன்றுக்காக ஒரு ஆண் ஆபரேஷன் மேஜையில் போய்ப் படுக்கிறான் என்பது அவளுக்கு மட்டுமல்ல, எனக்கே சொல்லக் கூசியது. மார்பு இருந்தது ஒரு வெட்கம். அதை எடுக்கப் போவது இன்னொரு வெட்கம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மார்பில் இரண்டு பக்கமும் சொருகியிருந்த குழாய்களைச் சில நாளில் எடுத்துவிட்டு, நடக்கலாம், ஆனால் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, கனமான எதையும் எடுக்கக் கூடாது, தான் சொல்லும்வரை ஷட்டில் ராக்கெட்டைத் தொடவே கூடாது என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

மாடி நடை அப்படித்தான் ஆரம்பித்தது. பனியனை மாற்றிப் போட இன்னொன்று கொடுத்திருந்தார்கள். ஒன்றை மனைவி துவைத்து, தன் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவாள். ஒரு நாள் அவள் இல்லாத நேரத்தில் அம்மா துவைத்து, கொடியின் நடுவில், நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து, இரண்டு கிளிப் போட்டு விரித்துவிட்டாள். நான் தொட்டி ஓரமாக நின்றிருந்தேன். பக்கத்து மாடியில் வடகம் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, ஊட்டுக்கு யாராச்சும் பொம்பளப் புள்ளைங்க வந்திருக்குதுங்களா? கொக்கி எல்லாம் புது மாதிரியா இருக்குது?"

"இல்லீங்க, எம்பையனுதுங்க" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் வடகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் தொட்டிக்குப் பின்னால், அவர் கீழே இறங்கிப் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாளிலிருந்து மாடியிலும் நடக்கவில்லை. நடையும் நின்றால் எப்படி என்று மனைவிதான் விடியும் முன் என்னை எழுப்பி, தீவன மில்லுக்குப் பின்னால் போகும் மண் ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கோழி ஏற்றிய வண்டிகள் எப்போதாவது கடக்கும். இறகு பறந்து வந்து மேலே ஒட்டும். ஆள் யாரும் இல்லை. அவள் முன்னால் போவாள், நான் பின்னால் கையை வயிற்றோடு ஒட்டிவைத்துக்கொண்டு போவேன்.

அப்போதெல்லாம் மாமா அடிக்கடி போன் செய்தார். "எப்போ வாரே மாப்ளே? உன்னைய விட்டா எனக்குப் பின்னால நிக்க ஆளில்ல" என்பார். என்ன ஆபரேஷன் என்று கேட்டதற்கு, "நெஞ்சுல ஒரு சின்ன ஆபரேஷனுங்க மாமா" என்று சொல்லியிருந்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை. நடந்தது நெஞ்சில்தான். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் அடைந்து கிடந்து சலித்துப்போய், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு காலை கோர்ட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஆட்டம் நின்றது. எல்லோரும் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். ஒருவர் ஃபேனை என் பக்கம் திருப்பினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முட்டை வியாபாரம் செய்யும் ஒருவர் எங்கள் கோர்ட்டில் உண்டு. எப்போதும் ஒரு டப்பாவில் அவித்த முட்டை கொண்டுவருவார். அன்றைக்கு அவர் ஒரு முட்டையை உடைத்து, மஞ்சள் கருவைத் தனியாக எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, வெள்ளையை மட்டும் என்னிடம் நீட்டினார்.

"மஞ்சக்கரு உங்களுக்கு ஆகாதுங்க. ஹார்ட்டுக்குக் கெடுதல்."

அப்போதுதான் விளங்கியது. 'நெஞ்சில் ஆபரேஷன்' என்ற என் வார்த்தையை வைத்துக் கோர்ட்டில் எனக்கு இதய நோய் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

"ஹார்ட் எல்லாம் இல்லீங்க" என்றேன்.

"செரி செரி, ஹார்ட்டுன்னு சொல்ல வேண்டாம். இந்த வயசுல வெளியில சொன்னா மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்று அவர் என் முதுகைத் தடவினார்.

அப்படியானால் என்ன ஆபரேஷன் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து வெள்ளைக் கருவை வாங்கித் தின்றேன்.

அதன் பிறகு ஓரிரு வாரம் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு, வலைப் பக்கம் நின்று கையைத் தாழ்த்தியே தட்டிக்கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே இறங்கினேன். டாக்டர் இன்னும் அனுமதி கொடுத்திருக்கவில்லை. எதிரில் நின்றவர்கள் என்னைப் பார்த்து ஒருவர் கூட வேகமாக அடிக்கவில்லை. குழந்தைக்குப் பந்து போடுவது போல மெதுவாக, உயரமாகத் தூக்கிக் கொடுத்தார்கள். நான் தவறவிட்டால் "பரவாயில்லீங்க, பரவாயில்லீங்க" என்றார்கள். மாமா என்றால் ஒரு பாயிண்ட் போனாலே என் பரம்பரையை இழுப்பவர். அவர் கூடத் திட்டவில்லை. "தண்ணி குடி மாப்ளே" என்று பாட்டிலைத் திறந்து நீட்டினார். இல்லாத நோய்க்குக் கிடைக்கும் அந்தப் பரிவு, விடுதித் தொட்டியடிச் சிரிப்பைவிட என்னைக் கூனவைத்தது.

ஒரு நாள் முட்டைக்காரர் அப்படித்தான் ஒரு இறகுப் பந்தைத் தூக்கிப் போட்டார். தலைக்கு மேலே, அழகாக, அடி அடி என்று சொல்வது போல வந்தது. இவர்களுடைய இரக்கத்தை ஒரே அடியில் முடித்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. எகிறினேன். கை மேலே போனது. அடித்தேன்.

இடது பக்கம் உள்ளே ஏதோ பொட்டென்று விட்டது. சூடாக எதுவோ பரவியது. ராக்கெட்டைப் போட்டுவிட்டு இடது மார்பைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டுவிட்டேன்.

"ஐயோ, அட்டாக்!" என்று யாரோ கத்தினார்கள்.

"இல்லீங்க, அது இல்லீங்க" என்று நான் சொல்லச் சொல்ல, மாமா என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். முட்டைக்காரர் காலைப் பிடித்தார். இன்னொருவர் மாமாவின் காரை வாசலுக்குக் கொண்டுவந்தார். அக்குளில் கை பட்டதும் வலியில் நான் அலறினேன். அந்த அலறலையும் அவர்கள் இதயக் கணக்கில்தான் சேர்த்தார்கள். பின் சீட்டில் மாமா மடியில் என் தலை. "பேசாதே மாப்ளே, பேசாதே, மூச்சை மட்டும் இழு" என்று என் வாயைப் பொத்தினார். ஆஞ்சநேயர் கோயில் பக்கம் திரும்பும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் போட்டு உள்ளே தள்ளினார்கள். இ.சி.ஜி. எடுக்க நர்ஸ் கத்தரிக்கோலால் டி-ஷர்ட்டைக் கீழிருந்து கழுத்துவரை வெட்டினார். உள்ளே கொக்கிப் பனியன். நர்ஸின் கை நின்றது. டியூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். கொக்கிகளை ஒவ்வொன்றாக அவரே கழற்றினார். என் இடது மார்பு ஊதி, கருநீலமாகிக்கொண்டிருந்தது. காம்பைச் சுற்றித் தையல் தழும்பு. அறைக்குள் அரை டிராயரும் வேர்வையுமாக மாமா, முட்டைக்காரர், கார் ஓட்டி வந்தவர் மூவரும் நின்றார்கள். வெளியே போகச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

"இது என்ன ஆபரேஷன்?" என்று டாக்டர் கேட்டார்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என் ஷூக்கள் இரண்டையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க. என்ன பண்ணியிருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் நான் பார்க்க முடியும்."

"எனக்கு மார் பெருசா இருந்துச்சுங்க டாக்டர்" என்றேன். "பொம்பளைங்களாட்டம். அதை எடுத்திருக்காங்க."

முட்டைக்காரர் இருமினார். இருமல் மாதிரி ஆரம்பித்தது, எனக்கு என்னவென்று தெரியும். சட்டென்று அறையைவிட்டு வெளியே போனார். டாக்டர் மட்டும் முகம் மாறாமல் இ.சி.ஜி. தாளைப் பார்த்தார். "ஹார்ட் நல்லா இருக்கு. உள்ளே ரத்தம் கட்டுது. சேலத்துல பண்ணுன டாக்டர்கிட்டயே இப்பவே கிளம்புங்க" என்றார்.

"அப்போ ஹார்ட் இல்லியா?" என்றார் மாமா.

"இல்லீங்க மாமா."

"ஹார்ட்டே இல்லியா?"

நான் தலையாட்டினேன். அவர் ஷூவைத் தரையில் வைத்துவிட்டு, முகத்தை டி-ஷர்ட்டால் துடைத்துக்கொண்டார். அழுதாரா, வேர்வையா என்று தெரியவில்லை.

சேலத்துக்கு அவர்தான் கார் ஓட்டினார். முட்டைக்காரரையும் மற்றவரையும் இறக்கிவிட்டு, என் வீட்டுக்குப் போய் மனைவியை ஏற்றிக்கொண்டோம். ராசிபுரம் பிரிவு தாண்டியதும் மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"உன்ற பொண்டாட்டிகிட்ட என்ன சொல்றதுன்னு நெனச்சு எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்றா கேடு உனக்கு? வடைமாலை வேற சாத்தறேன்னு ஆஞ்சநேயர்கிட்ட வேண்டியிருக்கேன். ஹார்ட்டுக்குன்னு சொல்லி வேண்டுனது. இப்ப அதைச் சாத்தோணுமா, வேண்டாமா?"

"சாத்திருங்க அண்ணா" என்றாள் மனைவி, பின் சீட்டிலிருந்து. "வேண்டுனா வேண்டுனதுதானுங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மல்லூர் தாண்டி சேலம் வரைக்கும், மாமா பார்த்ததைப் பார்க்காமல் ஆக்கிவிட வழி உண்டா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சேலத்தில் மறுபடியும் திறந்து, கட்டியிருந்த ரத்தத்தை எடுத்து, இடது பக்கம் மறுபடியும் குழாய் வைத்தார்கள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. மனைவியைப் பார்த்து, "நான் சொன்னது இவருக்குக் காதுல விழலையாம்மா?" என்று கேட்டார். அது போதுமானதாக இருந்தது. பழையபடி முதலிலிருந்து ஆரம்பம். பனியன், வயிற்றோடு ஒட்டிய கை, மண் ரோடு.

கோர்ட் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து நான் வெளியேறிவிட்டேன். பட்டறைக்குப் போகும்போது சேலம் ரோட்டைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன். இடது மார்பில் லேசாக ஒரு குழி விழுந்திருந்தது. தொட்டால் உணர்ச்சி இல்லை, வேறு யாருடைய தோலையோ தொடுவது போல இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று, நான் கேட்டு வாங்கிய தட்டையான மார்பைப் பார்ப்பேன். அது கிடைத்த பிறகும் தோள்கள் முன்பக்கம் குறுகியேதான் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். கையில் டயர் கம்பெனிப் பை ஒன்று. உள்ளே வாழை இலையில் கட்டிய வடைமாலை வடை. அதற்குக் கீழே மடித்து, இஸ்திரி போட்டு, என் கொக்கிப் பனியன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கழற்றியது அவர் காரிலேயே கிடந்திருக்கிறது.

"ஊட்ல தொவச்சு வெச்சுது" என்றார்.

அப்படியென்றால் அவர் மனைவிக்கும் தெரியும். எனக்குக் காது சுட்டது. பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவரும் தரையைப் பார்த்தார். இரண்டு பேரும் வடையைத் தின்றோம். மிளகு தூக்கலாக இருந்தது.

"கோர்ட்ல எல்லாருக்கும் தெரியுமுங்களா?" என்று கடைசியில் கேட்டேன்.

"தெரியும். மறைக்கறதுல என்ன இருக்குது? நாலு பேரு சிரிச்சாங்க. நானுந்தான் ஒரு நாள் சிரிச்சேன், ஊட்ல போயி. அப்பறம் முட்டை வெலை ஏறிப்போச்சு. இப்ப அதைப் பத்தித்தான் பேச்சு."

அவர் ஆறுதலாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். ஆனாலும் நான் பல வருடம் சுமந்த ஒன்றுக்கு ஊரில் கிடைத்த இடம் இவ்வளவுதானா என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சிரித்தார்கள் என்றதும் வலித்தது. மறந்துவிட்டார்கள் என்றதும் ஏனோ அதுவும் வலித்தது.

"டாக்டரு எப்போ ஆடலாமுன்னு சொல்றாரோ அப்போ வா. அதுக்கு முன்னால வந்தே, நானே காலை ஒடச்சுருவேன்" என்று எழுந்தார்.

டாக்டர் சொல்லப் பல வாரம் ஆயிற்று. இந்தத் தடவை அவர் சொன்னபடியே செய்தேன். முதலில் சுவரில் விரல்களை வைத்து, பல்லி ஏறுவது போல ஒவ்வொரு விரலாக மேலே ஏற்றினேன். தோள் உயரத்தில் மார்பு இழுத்துப் பிடிக்கும், அங்கேயே நிறுத்தி மூச்சுவிடுவேன். அப்புறம் தண்ணீர் பாட்டிலைத் தூக்கினேன். மனைவி பக்கத்தில் நின்று, முகம் சுளித்தால் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வாள். ஒரு நாள் கொடியில் துணி காயப்போட அவள் கூப்பிட்டாள். போர்வையைக் கையைத் தூக்கி வீசிப் போட்டேன். போட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவள் அடுத்த போர்வையைக் கொடுத்தாள்.

திரும்பக் கோர்ட்டுக்குப் போன அன்று ஹெல்மெட்டைக் கழற்றாமல் வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போனதும் எல்லோர் கண்ணும் என் மார்புக்கு வந்து, வந்ததைத் தெரிந்துகொண்டு, முகத்துக்கு ஏறியது. முட்டைக்காரர் மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப எல்லாம் செரியாப் போச்சுங்களா?" என்றார்.

"ஆச்சுங்க."

"அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது." முட்டை டப்பாவைத் திறந்தார். "முழு முட்டையே சாப்பிடலாமுங்க இல்ல, இப்ப?"

நான் முழு முட்டையாக எடுத்துக்கொண்டேன்.

ஆட்டத்தில் இரண்டு வாரம் கையை உயர்த்தவே பயமாக இருந்தது. பந்து மேலே வந்தால் கால் பின்னால் போகும், கை பாதியில் நின்றுவிடும். பிறகு ஒரு காலை, யோசிக்காமல், எகிறி அடித்தேன். உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பந்து நேராக வலையில் போய் விழுந்தது. நான் மார்பில் கையை வைத்து நின்றுகொண்டிருந்தேன்.

"என்றா அடி இது?" என்று மாமா கத்தினார். "எருமையாட்டம் எகிறுறே, பந்தைப் பார்த்து அடிக்கத் தெரியாதா? கைக்கு வந்த பாயிண்ட்டைக் குடுத்துட்டு நிக்கிறான் பாரு!"

அவர் என் பரம்பரை முழுவதையும் இழுத்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். அதுவரை அவ்வளவு நிம்மதியாக யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

இப்போதும் ஆட்டம் முடிந்து மற்றவர்கள் டி-ஷர்ட்டைப் பிழியும்போது நான் பிழிவதில்லை. மாமா ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஆனால் உடனே பைக்கில் ஏறிப் போவதில்லை, ஈரத்தோடு ஃபேன் அடியில் உட்கார்ந்து முட்டை விலை கேட்கிறேன். காவிரியில் இன்னும் இறங்கவில்லை.

போன மாதம் ராசிபுரத்தில் ஒரு போட்டி. ஜோடியாகப் பெயர் கொடுத்தோம். உடம்போடு ஒட்டும் மெல்லிய ஜெர்ஸி ஒன்றை எல்லோருக்கும் கொடுத்தார்கள். உள்ளே பனியன் போடாமல் அதை மட்டும் போட்டுக்கொண்டேன். முதல் சுற்றிலேயே தோற்றோம். அதற்குக் காரணம் மாமாவின் முட்டி. தோற்ற பிறகும் போட்டோ எடுத்தார்கள், மாமா என்னை மறுபடியும் சேர்த்துவிட்டிருந்த வாட்ஸ்அப் குழுவில் சாயங்காலம் அது வந்தது. வீட்டு வாசலில் நின்றபடியே அதைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, முதலில் என் மார்பைத்தான் பார்த்தேன். இடது பக்கக் குழி தெரிகிறதா, துணி எங்காவது தூக்கி நிற்கிறதா என்று ஓரம் ஓரமாக நகர்த்திப் பார்த்தேன். என் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

மனைவி போனை என் கையிலிருந்து வாங்கி, படத்தைப் பழைய அளவுக்குச் சுருக்கினாள். என்னையும் பக்கத்தில் நின்ற மாமாவையும் பார்த்தாள்.

"அண்ணா கண்ணை மூடிட்டாருங்க" என்றாள்.